சுவரைச் சுற்றி வரும் வழி: ‘சுபுர்ரா’ படத்தைப் புரிந்துகொள்ள

ரோம் நகரில் பேரரசர் அகஸ்டஸ் கட்டிய மன்றத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கற்சுவர் நிற்கிறது. உயரம் முப்பது மீட்டருக்கும் மேல், வயது இரண்டாயிரம் ஆண்டு. சுவருக்கு முன்பக்கம் கோயில், பளிங்குத் தூண்கள், வழக்கு விசாரணை. பின்பக்கம் சுபுர்ரா என்ற சேரி: நெருக்கியடித்த மாடிவீடுகள், மதுக்கடைகள், விலைமாதர் விடுதிகள், அடிக்கடி பற்றும் தீ. அந்தத் தீ இந்தப் பக்கம் தாவிவிடக் கூடாது என்பதும் சுவர் எழுப்பியதற்கு ஒரு காரணம். தீ தாவவில்லை. ஆனால் ஆட்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்கள். சுவர் வருவதற்கு முன்பும் அப்படித்தான்: ஜூலியஸ் சீசரே இளமையில் சுபுர்ராவில் ஒரு சாதாரண வீட்டில் இருந்தவர்தான்.

2015-இல் ஸ்தெஃபானோ சொல்லிமா இயக்கிய இத்தாலியப் படத்துக்கு ‘சுபுர்ரா’ என்று பெயர் வைத்தது இதை மனத்தில் வைத்துத்தான். படத்தில் அந்தப் பழைய சேரியைத் தேடாதீர்கள். அது இன்று மோந்தி என்ற பேட்டை. அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. பெயர் குறிப்பது அந்தச் சுற்றுவழியை. சட்டம் எழுதுகிற அறைக்கும் பிணம் மறைக்கிற குளத்துக்கும் நடுவில் யார் யார் வழியாகப் பாதை போகிறது என்பதுதான் கதை.

முதல்முறை பார்ப்பவர்கள் பாதிப் படத்தில் ‘யார் யாருக்கு எதிரி?’ என்று திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தவறு அவர்களுடையது இல்லை. மாஃபியா படம் என்றால் நமக்கு ஒரு பெரியவர், மோதிரத்தை முத்தமிடும் அடியாட்கள், சிசிலியின் வெயில், வாரிசுச் சண்டை என்று ஒரு வார்ப்பு மனத்தில் பதிந்திருக்கிறது. ‘சுபுர்ரா’வில் அப்படி ஒரு பெரியவரே கிடையாது. வெயிலும் கிடையாது. படம் முழுக்க மழை.

கதை நடப்பது ஏழு நாள்: 2011 நவம்பர் 5 முதல் 12 வரை. ஒவ்வொரு நாளும் திரையில் ‘பேரழிவுக்கு இத்தனை நாள்’ என்று எழுத்து வரும். அந்த 12-ஆம் தேதி கற்பனை கிடையாது. கடன் நெருக்கடியில் இத்தாலியின் வட்டிவிகிதம் எகிறியிருந்த நிலையில் அன்றுதான் சில்வியோ பெர்லுஸ்கோனி பிரதமர் பதவியை விட்டு விலகினார். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வெளியே கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது. போப்பாண்டவர் பதவி விலக எண்ணுவதாகவும் படத்தில் ஒரு கிளைக்கதை ஓடுகிறது. பதினாறாம் பெனடிக்ட் உண்மையில் விலகலை அறிவித்தது 2013 பிப்ரவரியில். படம் அதை இழுத்துவந்து 2011-உடன் ஒட்டிவிட்டது. ஆட்சியும் திருச்சபையும் ஒரே வாரத்தில் ஆட்டம் காண வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஆட்சி கவிழப்போகிறது என்றால் ஒரு குற்றக் கும்பலுக்கு ஏன் பதற்றம்? படத்தின் சாவி இந்தக் கேள்விதான்.

ரோமிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓஸ்தியா என்ற கடற்கரைப் பகுதி. தனி ஊர் போல இருந்தாலும் ரோம் மாநகராட்சியின் பத்தாவது வட்டம் அது. அதன் கடற்கரையைச் சூதாட்ட விடுதிகளும் உல்லாச மாளிகைகளுமாக ஒரு லாஸ் வேகாஸாக மாற்ற வேண்டும் என்பது படத்தில் வரும் திட்டம். பணம் போடத் தென் இத்தாலியின் குற்றக் குடும்பங்கள் தயார். நிலமும் கிட்டத்தட்டத் தயார். இல்லாதது ஒன்றுதான்: அங்கே கட்டலாம் என்று சொல்லும் சட்டம். அது நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும், ஆட்சி கவிழ்வதற்குள். ஆளுங்கட்சி உறுப்பினர் ஃபிலிப்போ மால்கிராதி (பியர்ஃபிரான்செஸ்கோ ஃபவீனோ அற்புதமாகச் செய்திருக்கிறார்) அதை நிறைவேற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தரிசு நிலத்தின் விலை வேறு, அதே நிலத்துக்குக் கட்டட அனுமதி கிடைத்த மறுநாள் விலை வேறு. மண் ஒரு கைப்பிடிகூட இடம் மாறியிருக்காது. மாறியது ஒரு காகிதம். அந்த வித்தியாசத் தொகைதான் இந்தப் படத்தில் எல்லாரும் துரத்துகிற புதையல். போதைப்பொருளையோ ஆயுதத்தையோ கடத்தினால் ஒவ்வொரு முறையும் பிடிபடும் ஆபத்து உண்டு. கையெழுத்தை ஒரே ஒருமுறை வாங்கினால் போதும்.

கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததும் காரணத்தோடுதான். இத்தாலியில் கடற்கரை மணல் அரசின் சொத்து. குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு வாடகை வாங்கும் தனியார் குளியல் நிலையங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. குத்தகை கொடுப்பது ஓர் அலுவலகம், புதுப்பிப்பது ஓர் அதிகாரி. ஓஸ்தியாவில் இந்த நிலையங்கள் வரிசையாக மதில் எழுப்பிக் கடலையே மறைத்துவிட்டதால், கடலோரச் சாலையைக் குறிக்கும் ‘லுங்கொமாரே’ என்ற சொல்லை ‘லுங்கொமூரோ’ என்று திரித்துச் சொல்வது வழக்கம். ‘மாரே’ கடல், ‘மூரோ’ சுவர். மறுபடியும் ஒரு சுவர்.

இனி ஆட்களைப் பார்க்கலாம். மால்கிராதி ஒரு விடுதியில் இரண்டு பெண்களுடன் இரவைக் கழிக்கிறார். ஒருத்தி வயது வராத சிறுமி. போதை அதிகமாகி அங்கேயே இறந்துபோகிறாள். உடலை மறைக்க உதவ வருபவன் மன்ஃப்ரேதி அனக்கிளேத்தி என்ற கந்துவட்டிக்காரனின் தம்பி. உதவி செய்தவன் பிறகு மிரட்டுகிறான். மிரட்டியவனை அடக்க மால்கிராதி ஆள் அனுப்ப, அந்த வேலை ஓஸ்தியாவை ஆளும் ‘எட்டாம் நம்பர்’ என்ற இளைஞனிடம் போய்ச் சேர்கிறது. அவன் அடக்குவதற்குப் பதில் கொன்றுவிடுகிறான். கடற்கரைத் திட்டத்தில் பங்காளிகளாக இருக்க வேண்டிய இரண்டு கும்பல்களும் இப்போது பகையாளிகள். இன்னொரு பக்கம் செபஸ்தியானோ என்ற விருந்து ஏற்பாட்டாளன். கடன் தாங்காமல் அவனுடைய தந்தை தற்கொலை செய்துகொள்ள, கடனும் வட்டியும் மகன் தலையில் வந்து விழுகின்றன. முடிவைச் சொல்லப்போவதில்லை.

நடுவில் ஒருவர் இருக்கிறார், சாமுராய் என்ற பெயரில். எழுபதுகளின் இறுதியில் ரோமை நடுங்கவைத்த மல்யானா கும்பலில் மிஞ்சியவராக அவரைப் படம் அறிமுகப்படுத்துகிறது. கிளாவுதியோ அமேந்தோலா குரலை உயர்த்தாமலே நடித்திருக்கிறார். இவரைத் தலைவர் என்று எடுத்துக்கொண்டால் படம் புரியாது. தமிழில் இவருக்குக் கச்சிதமான சொல் உண்டு: கட்டப்பஞ்சாயத்துக்காரர். தென்னாட்டுக் குடும்பங்களின் பணத்தையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் வத்திக்கான் வங்கியோடு தொடர்புள்ள கர்தினாலையும் தெருக் கும்பல்களையும் அவர் ஒருவர்தான் தனித்தனியாகச் சந்திக்கிறார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதே இல்லை. அதுதான் அவர் விற்கும் சரக்கு.

ரோமுக்கு ஏன் இப்படி ஒருவர் தேவைப்படுகிறார்? சிசிலியில் கோசா நோஸ்த்ரா, நாப்போலியில் கமோர்ரா, கலாப்ரியாவில் ந்த்ராங்கெத்தா என்று தெற்கில் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் வேரூன்றிய அமைப்பு உண்டு. தலைநகரில் அப்படி ஒற்றை முதலாளி கிடையாது. எல்லாரும் பணம் போட வருகிறார்கள், எவருக்கும் முழு உரிமை இல்லை. பட்டத்துக்கு ஆள் இல்லாத ஊரில் தரகன்தான் பெரியவன்.

படத்தின் மூலம் 2013-இல் வந்த நாவல். எழுதியவர்களில் ஜான்கார்லோ தெ கதால்தோ நீதிபதி, கார்லோ பொனினி புலனாய்வுச் செய்தியாளர். நாவல் வந்த மறு ஆண்டே, 2014 டிசம்பர் 2-ஆம் தேதி, ரோமில் 37 பேர் கைதானார்கள். பத்திரிகைகள் அந்த வழக்குக்குச் சூட்டிய பெயர் ‘தலைநகர் மாஃபியா’. காவல்துறையின் பெயர் ‘நடு உலகம்’. முதன்மையானவர் மாசிமோ கார்மினாத்தி, பழைய நவபாசிச ஆயுதக் குழுவில் இருந்தவர், ஒரு கண்ணை இழந்தவர். ரோமின் வடபகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் உட்கார்ந்து ஆட்களைச் சந்தித்தார். அவருடைய கூட்டாளி சால்வத்தோரே புட்சி. கொலைத் தண்டனை பெற்றுச் சிறையில் படித்து, வெளியே வந்து, முன்னாள் கைதிகளுக்கு வேலை தரும் கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர். ஒருவர் தீவிர வலது, மற்றவரின் சங்கம் இடதுசாரிகளோடு நெருக்கமானது. டெண்டருக்கு முன்னால் அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யவில்லை.

‘நடு உலகம்’ என்ற சொல் கார்மினாத்தியுடையதே. ஒட்டுக்கேட்ட உரையாடல் ஒன்றில் அவர் விளக்கியதன் சாரம் இது: மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே செத்தவர்கள், நடுவில் நாம். நடுவில்தான் எல்லாரும் சந்திக்கிறார்கள். ஏனென்றால் மேலே இருப்பவனுக்கும் வேறு யாரும் செய்யமாட்டாத வேலையைச் செய்ய ஒரு கீழ் உலகத்தான் வேண்டியிருக்கிறது. சுவரைச் சுற்றி வரும் வழிக்கு இதைவிடத் துல்லியமான வரைபடத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் தந்ததில்லை.

அவர்கள் சம்பாதித்தது எதில் என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். பூங்கா பராமரிப்பு, குப்பை அள்ளுதல், அகதி முகாம்களுக்கான ஒப்பந்தங்கள். குடியேறிகளால் கிடைக்கிற பணம் எவ்வளவு தெரியுமா, போதைப்பொருள்கூட அவ்வளவு தராது என்று புட்சி தொலைபேசியில் சொன்னது இத்தாலி முழுக்கப் பேசப்பட்டது. படத்தில் லாஸ் வேகாஸ். நிஜத்தில் குப்பை வண்டி.

சரி, இது மாஃபியாதானா? நமக்கு மாஃபியா ஒரு வசவுச் சொல்; மணல் எடுப்பவரிலிருந்து கல்லூரி நடத்துபவர் வரை யாருக்கும் ஒட்டவைத்துவிடுவோம். இத்தாலியில் அது சட்டச் சொல். தண்டனைச் சட்டத்தின் 416-பிஸ் என்ற பிரிவு அதை வரையறுக்கிறது.

அந்தப் பிரிவு ரத்தத்தில் பிறந்தது. அதற்காகப் போராடிய கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே 1982 ஏப்ரல் 30 அன்று பலெர்மோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாஃபியாவை ஒடுக்க அங்கே அனுப்பப்பட்ட ஜெனரல் கார்லோ அல்பெர்த்தோ தல்லா கியேசா செப்டம்பர் 3 அன்று மனைவியோடு காரில் கொல்லப்பட்டார். பத்தே நாளில், செப்டம்பர் 13 அன்று, சட்டம் வந்துவிட்டது. அதுவரை ஒரு கும்பல் இன்ன குற்றம் செய்தது என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். புதிய பிரிவு கும்பலின் முறையையே குற்றமாக்கியது. அதன் கூறுகள்: அந்தக் கூட்டின் பெயரைக் கேட்டாலே எழும் அச்சம், அதனால் வரும் பணிவு, ஒமெர்தா எனப்படும் வாய்ப்பூட்டு. இவற்றைப் பயன்படுத்திக் குற்றம் செய்வது மட்டும் இதில் அடங்குவதில்லை. தொழில்கள், அரசு அனுமதிகள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றைக் கைப்பற்றுவதையும் வாக்களிப்பதைத் தடுப்பதையும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. மாஃபியாவின் இலக்கு கையெழுத்தும் வாக்குப்பெட்டியும்தான் என்று ஒரு நாட்டின் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

அதற்குப் பின் இன்னும் இரண்டு கருவிகள் வந்தன. 1991 முதல், மாஃபியா ஊடுருவிய உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்து ஆணையர்களை அமர்த்தலாம். 2012-இல் ரெஜ்ஜோ கலாப்ரியா என்ற மாவட்டத் தலைநகரின் மன்றமே அப்படிக் கலைந்தது. 1992-இல், மாஃபியாவிடம் வாக்கு வாங்கும் அரசியல்வாதியைத் தண்டிக்க 416-தெர் வந்தது. அதில் ஒரு வேடிக்கை: வாக்குக்குப் பதில் ரொக்கம் கைமாறினால்தான் குற்றம். ஒப்பந்தம் தருகிறேன், வேலை தருகிறேன் என்றால் அந்தப் பிரிவில் அடங்காது. ‘வேறு ஆதாயம்’ என்பதைச் சேர்க்க 2014 வரை ஆயிற்று. உலகத்தில் எந்தப் பழக்கப்பட்ட அரசியல்வாதி ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டிருப்பான்?

ரோம் வழக்குக்கு வருவோம். 2017-இல் முதல் நீதிமன்றம் கடும் தண்டனை கொடுத்தது: கார்மினாத்திக்கு 20 ஆண்டு, புட்சிக்கு 19. ஆனால் மாஃபியா இல்லை என்றது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாஃபியாதான் என்றது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இல்லை என்று முடித்துவைத்தது. குற்றக் கூட்டு உண்டு, ஆழமான ஊழல் உண்டு, 416-பிஸ் கேட்கிற அச்சுறுத்தல் இல்லை. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் பயந்து கையெழுத்துப் போடவில்லை, விரும்பிப் போட்டார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பு படத்தைவிட அதிகம் திகில் தருகிறது. பயமுறுத்தாமலே காரியம் முடிகிற இடத்தில், பயமுறுத்துபவனைப் பிடிக்க எழுதிய சட்டம் கையை விரிக்கிறது. படத்தில் மால்கிராதியைக் கவனியுங்கள். அவர் தலையில் யாரும் துப்பாக்கி வைக்கவில்லை. மிரட்டல் பின்னால்தான் வருகிறது, அதுவும் அவர் செய்த வேறொரு காரியத்துக்காக. சட்டத்தை நிறைவேற்றித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டது அதற்கு முன்பே.

இந்த வகைப் படங்களுக்கு இத்தாலியில் மூத்த அண்ணன் ஒன்று உண்டு: ஃபிரான்செஸ்கோ ரோசியின் ‘நகரத்தின் மீது கைகள்’, 1963. வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. நாப்போலியில் ஒரு பழைய கட்டடம் இடிந்து விழுகிறது. கட்டடத் தொழிலதிபரே மாநகராட்சி உறுப்பினராகவும் இருக்கிறார் (ராட் ஸ்டைகர்). அந்தப் படத்தில் கும்பலும் இல்லை, கொலையாளியும் இல்லை. மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து உள்ளங்கைகளைத் தூக்கிக் காட்டி, எங்கள் கைகள் சுத்தம் என்று கத்துகிறார்கள். அவர்களை எதிர்க்கும் உறுப்பினராக நடித்த கார்லோ ஃபெர்மரியெல்லோ நடிகரே அல்லர், உண்மையான அரசியல்வாதி. ‘சுபுர்ரா’வில் குழம்பியவர்கள் இதை முதலில் பார்த்துவிட்டு வந்தால் தெளிவு கிடைக்கும். சொல்லிமா காட்டுவதில் பாதியை ரோசி ஒரு துளி ரத்தம் சிந்தாமல் காட்டிவிட்டார்.

‘சுபுர்ரா’வின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. தற்செயல்கள் மேல் தற்செயல்களாக அடுக்கப்படுகின்றன. பெண்களில் எட்டாம் நம்பரின் காதலி வயோலா ஒருத்தியைத் தவிர யாருக்கும் உடம்பு இருக்கிறது, மனம் இல்லை. பெரிய குறை அனக்கிளேத்தி குடும்பம். ஜிப்சி எனப்படும் மக்களிலிருந்து வந்த ஒரு கும்பலைத் தங்கமுலாம் பூசிய வீட்டோடும் அருவருப்பான முரட்டுத்தனத்தோடும் காட்டும்போது, அந்த மக்கள் எல்லாருமே இப்படித்தான் என்று ஏற்கனவே நம்புகிறவர்களுக்குத் தீனி போட்டதுபோல் ஆகிறது. மாறாக எம்83 குழுவின் இசை: மழைக்கும் நியான் வெளிச்சத்துக்கும் மேல் அது பரவும்போது குறைகள் கொஞ்ச நேரம் மறந்துபோகின்றன.

படம் வெளியான ஆண்டில் நிஜம் அதனோடு போட்டி போட்டது. 2015 ஆகஸ்டில் ஓஸ்தியா வட்ட மன்றம் மாஃபியா ஊடுருவலுக்காகக் கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு ஆணையர்களின் ஆட்சி. 2017 நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது, ஸ்பாதா என்ற உள்ளூர்க் குடும்பத்தின் அரசியல் ஆதரவு பற்றிக் கேள்வி கேட்ட தொலைக்காட்சிச் செய்தியாளரின் மூக்கை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ராபெர்த்தோ ஸ்பாதா தலையால் முட்டி உடைத்தார். ஒளிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாக்குதலுக்கு ஆறு ஆண்டுச் சிறை. மாஃபியா முறையில் செய்த குற்றம் என்று தீர்ப்பு. நடுத்தெருவில், பட்டப்பகலில், பயமில்லாமல் அடிக்கிறான் என்றால் பார்ப்பவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே? 416-பிஸ் கேட்ட அச்சம் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கவில்லை, கடற்கரைத் தெருவில் கிடைத்தது.

அதே 2015 ஆகஸ்டில், படம் திரைக்கு வர இரண்டு மாதம் இருக்கும்போது, ரோமின் புறநகரில் விட்டோரியோ கசமோனிக்கா என்பவரின் இறுதி ஊர்வலம் நடந்தது. கந்துவட்டிக்குப் பேர்போன குடும்பத்தின் மூத்தவர். கறுப்புக் குதிரைகள் பூட்டிய வண்டி, மாஃபியா படத்திலிருந்து எடுத்த இசை. ‘ரோமை வென்றாய், இனி சொர்க்கத்தையும் வெல்வாய்’ என்ற பதாகை தேவாலயத்தின் முகப்பிலேயே தொங்கியது. மேலே ஒரு ஹெலிகாப்டர் ரோஜா இதழ்களைத் தூவிக்கொண்டு போனது. இப்படி ஓர் ஊர்வலம் நடக்கப்போவது தங்களுக்குத் தெரியாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். நாடே கொதித்ததும் உடனடியாக நடவடிக்கை வந்தது: ஹெலிகாப்டர் ஓட்டியவரின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.